அப்பாவின் பவளமும் செம்புக் குடமும்

அப்பா இறந்த பிறகு அவருடைய கடல்நீர்த் தொட்டியை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அதில் இருக்கும் பவளத்தின் சின்ன விரல்கள் ஒரு வாரமாக விரியவில்லை, சுருங்கிக்கொண்டே வருகின்றன.

இன்று கிள்ளானில் வளர்ப்பு மீன் கடைக்காரரிடம் கேட்டேன்.

“தண்ணியில செம்பு கலந்துச்சா தங்கச்சி? மீனு கொஞ்சம் தாங்கும். பவளம் செத்துரும்லா.”

“இல்லண்ணே, அப்படி எதுவும் போடல.”

வீடு திரும்பியபோது, ஆவியாகி நீர் குறைந்த தொட்டியில் அம்மா தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். கையில் சாமி மேடைச் செம்புக் குடம்.

“ஒரு வாரமா இதுலதான் ஊத்துறேன். நேத்தே பிடிச்சு வெச்சதும்மா. அப்பா வளர்த்ததுக்கு வெறும் பைப்புத் தண்ணியா ஊத்துறது?”

இனி நானே ஊற்றுகிறேன் என்றேன். ஏன் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

நல்ல பொய் ஒன்று தெரிந்தவர்கள் உடனே கீழே எழுதுங்கள்.