சுத்துற சேரு

எங்கள் ஊர் ஆண்கள் வீட்டில் பாடி நான் கேட்டதில்லை. அவர்கள் பாட்டெல்லாம் ரயிலுக்குத்தான். தங்கச் சுரங்கத்தை மூடியபின், ஸ்கெலட்டன் லைன் என்ற எங்கள் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில் பாதிப்பேர் விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போனார்கள். வழியெல்லாம் டிபன் பாக்ஸ் மூடியில் தாளம். ஒருவர் ஒரு வரி கட்டுவார். பக்கத்தில் இருப்பவர் அடுத்த வரியைக் கட்ட வேண்டும். ஒரே சட்டம், வந்த வரியைத் தள்ளக்கூடாது. எவ்வளவு அபத்தமானாலும் ஏற்றுக்கொண்டு மேலே போக வேண்டும். அதில் என் அப்பா கெட்டிக்காரர். அவரிடம் வந்து நின்றுபோன பாட்டே கிடையாது என்பார்கள்.

அப்பா வேலை பார்த்த துணிக் கம்பெனி அவரை நிறுத்திவிட்டது. அவர் அதை வீட்டில் சொல்லவில்லை. இஸ்திரி போட்ட சட்டையும் அம்மா கட்டிக்கொடுத்த சோறுமாக வழக்கம்போல ரயிலேறிக்கொண்டிருந்தார். பெட்டியில் எல்லோருக்கும் விஷயம் தெரியும். அம்மாவுக்கும் எனக்கும்தான் தெரியாது.

மூன்றாம் வகுப்பு முழுப் பரீட்சை லீவில், கம்பெனியைப் பார்த்தே தீருவேன் என்று அழுது புரண்டேன். "கூட்டினுதான் போங்களேன், கொழந்த ஆசப்படுது" என்று அம்மாவும் சேர்ந்துகொண்டாள். அப்பாவுக்கு மறுக்க வழியில்லை.

பங்காரப்பேட்டை தாண்டியதும் பாட்டு சூடுபிடித்தது. பக்கத்து வீட்டு மாமா என் கன்னத்தைத் தட்டி, "இன்னா பாப்பா, நீ ஒரு வரி போடு" என்றார். நான் சீட்டின்மேல் ஏறி நின்று பாடினேன்.

"எங்கப்பா பெரிய சூப்பர்வைசரு, எழுந்து நின்னு கும்புடு சாரு!"

தாளம் நின்றுவிட்டது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. பிறகு மாமாதான் மூடியைத் தட்டினார்.

"சுத்துற சேருல உக்காருவாரு, சூடா காப்பி கேப்பாரு!"

சட்டம் சட்டம்தானே. வரிக்கு வரி அப்பாவுக்கு ஏசி ரூம், கார், டிரைவர் எல்லாம் கிடைத்தது. பெட்டியே சிரித்தது. அப்பாவும் சிரித்தார், தனக்கு ஒரு பியூனைத் தானே வைத்துக்கொண்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இன்று நினைத்தால் வயிறு எரிகிறது. பாட்டில் அத்தனை தாராளமாக நாற்காலி போட்டவர்களில் ஒருவர்கூடத் தன் கம்பெனியில் அவருக்காக வாய் திறக்கவில்லை.

பெங்களூரில் இறங்கியதும், "இன்னிக்கி கம்பெனி லீவாம் கண்ணு" என்று அப்பா என்னை ஒரு பார்க்குக்குக் கூட்டிப்போனார். புல் வெட்டிக்கொண்டிருந்தவர், தினமும் பார்க்கிறவரைப்போல அவருக்குத் தலையாட்டினார். எந்த பெஞ்சில் எதுவரை நிழல் நிற்கும் என்பது அப்பாவுக்குத் தெரிந்திருந்தது. அங்கேயே சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டோம்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும், கம்பெனியைப் பார்க்க முடியாத குறையை அம்மாவிடம் சொல்லிவிட்டு முழுப் பாட்டையும் பாடிக்காட்டினேன். அம்மா பாடுகிறவள் அல்ல. அன்று என்ன சந்தோஷமோ, கையிலிருந்த தட்டில் தாளம் போட்டுத் தானும் ஒரு வரி சேர்த்தாள்.

"சுத்துற சேர நானும் பாக்கணும், சொந்தக்காரங்கள கூட்டினு போவணும்!"

"உன் டர்னுப்பா!" என்று கத்தினேன். வாசல் குழாயில் கால் கழுவிக்கொண்டிருந்த அப்பா திரும்பவில்லை. அம்மா தட்டை விடாமல் தட்டிக்கொண்டிருந்தாள். இவ்வளவு சுலபமான வரிக்கு ஏன் இத்தனை யோசனை என்று எனக்குச் சலிப்பாக இருந்தது. அவரோ, கழுவிய காலையே மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தார்.