கயிறு சரியாகத்தான் இருந்தது

"வாத்தியாரே, மெக்கானிக் தணிகாசலம் காலையில போயிட்டாரு. இனிமே அவரு ஷெட்டு வழியா நீங்க தைரியமா நடக்கலாம்" என்று ஏழுமலை போனில் சொன்னார். உப்பளத்தில் மேஸ்திரியாக இருக்கும் ஏழுமலைக்கு எங்கள் பகை தெரியும். மரக்காணத்தில் யாருக்குத்தான் தெரியாது? ஆனால் அதன் காரணத்தை அறிந்தவர்கள் இரண்டே பேர். இப்போது நான் ஒருவன்தான் மிச்சம். அதனால் தணிகாசலத்தோடு பழகிய ஊர்க்காரர்களான உங்களுக்கு இதை எழுதுகிறேன்.

ஆறு வருடங்களுக்கு முன் என் பழைய கார் காலையில் ஸ்டார்ட் செய்ததும் நீலப் புகை கக்கியது. என்ஜினின் தலைப்பகுதியையே கழற்ற வேண்டும் என்றார்கள் பாண்டிச்சேரியில். தணிகாசலம் புகையை மோந்து பார்த்தார். "வால்வு சீல் போயிருக்குது. ஸ்பிரிங்கும் தளர்ந்திருக்கும். இதுக்கு எதுக்கு ஹெட்டைக் கழட்டணும்?"

வகுப்பில் சொல்வதுபோல் சொல்கிறேன். சிலிண்டர் ஓர் அறை. வால்வு அதன் கூரையில் உள்ள கதவு. அந்தக் கதவை மேலே இழுத்து மூடி வைத்திருப்பது ஸ்பிரிங். வால்வின் தண்டு வழியாக ஆயில் இறங்காமல் தடுக்கும் சிறிய ரப்பர் மூடிதான் சீல். சீலை மாற்ற ஸ்பிரிங்கை எடுத்தாக வேண்டும். எடுத்தால் கதவு அறைக்குள் விழுந்துவிடும். விழாமலிருக்க தணிகாசலம் ஸ்பார்க் பிளக் துளை வழியாக நைலான் கயிற்றை உள்ளே திணித்து, ஸ்பேனரை மாட்டி என்ஜினைக் கையாலேயே சுற்றி, அறைக்குள் ஏறி இறங்கும் பிஸ்டனை மேலே ஏற்றுவார். கயிறு நசுங்கி வால்வைத் தாங்கி நிற்கும். கதவுக்கு உப்பு மூட்டைகளை முட்டுக்கொடுத்த மாதிரி.

"மீன்புடி போட்டையே புடிச்சு நிறுத்துற கயிறுங்க இது. உங்க வால்வைப் புடிக்காதா?" என்றார்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. பக்கத்திலேயே நின்று கேள்விமேல் கேள்வி கேட்டேன். "ஏம்பா, பிஸ்டன் முழுசா உச்சிக்கு வரணுமே?"

"வாத்தியாரே, உங்க கிளாஸ்ல நான் வந்து நின்னேனா?"

ஷெட்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. முதல் ஸ்பிரிங்கை எடுத்து வைத்துவிட்டு, "யாரும் கை வெக்காதீங்க" என்று சொல்லி மற்றவர்களை அழைத்துக்கொண்டு டீ குடிக்கப் போனார். ஸ்பேனர் என்ஜினிலேயே மாட்டியிருந்தது.

நான் கை வைத்தேன். பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுபோய் அவர் தவறை நிரூபிக்க நினைத்தேன். கயிறு தடுத்ததால் அந்தப் பக்கம் அசையவில்லை. மறுபக்கம் சுற்றினேன். பிஸ்டன் இறங்கியது, கயிறு தளர்ந்தது. 'டக்' என்று உள்ளே ஒரு சத்தம். வால்வு விழுந்துவிட்டது.

திரும்பி வந்தவர் குனிந்து பார்த்தார். "கை வெச்சீங்களா?"

"இல்லை" என்றேன். ஏழுமலையும் நாலைந்து பேரும் அங்கே நின்றிருந்தார்கள். அது போதாதென்று, "கயித்தை நம்பி வேலை செஞ்சா இப்படித்தான் ஆகும்" என்றும் சொன்னேன்.

அவர் ஹெட்டைக் கழற்றி வால்வை எடுத்து, எல்லா ஸ்பிரிங்கும் சீலும் மாற்றித் தந்தார். புகை நின்றது. ஆனால் என் வாக்கியம் ஊரெல்லாம் சுற்றியது. ஆரோவில்லுக்கு ஆளேற்றிப் போகும் குயிலாப்பாளையம் டாக்ஸிக்காரர்கள் அவரிடம் வருவதை நிறுத்தினார்கள். 'கயித்து மெக்கானிக்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. நீங்களும் சொல்லியிருப்பீர்கள்.

அதன்பின் என்னைக் கண்டால் அவர் விட்டதில்லை. ரேஷன் கடை வரிசையில் ஒருமுறை உரக்கச் சொன்னார்: "வாத்தியார் வர்றாரு, தராசை உள்ள எடுத்து வைங்கப்பா. கை வெச்சுத் திருப்பிப் பார்ப்பாரு." எல்லோரும் சிரித்தார்கள். எதற்கு என்று எனக்கு மட்டும் புரிந்தது.

போன வருடம் ஷெட்டுக்குப் போனேன். அவர் தனியாக இருந்தார். "நான்தான் சுத்தினேன், தணிகாசலம். மன்னிச்சிடுங்க."

அவர் நிமிரக்கூட இல்லை. "அது எனக்கு அன்னைக்கே தெரியும். ஸ்பேனரை நான் வெச்ச இடம் எனக்குத் தெரியாதா? பொய்யை ஊர்ல சொன்னீங்க, உண்மையை என் காதுல வந்து சொல்றீங்களே. ஊர்ல போய்ச் சொல்லுங்க. அப்புறம் வாங்க."

நான் சொல்லவில்லை. தவறு செய்தவன் எழுந்து நில் என்று வாழ்நாளெல்லாம் பிள்ளைகளிடம் சொன்னவன், ஒரு வருடம் உட்கார்ந்தே இருந்தேன்.

சாவு வீட்டில் அவர் மனைவி என்னைப் பார்த்தார். "உயிரோட இருந்தப்ப பேசாதவரு இப்ப யாருகிட்ட பேச வந்தீங்க?" மாலையை வாசலிலேயே வைத்துவிட்டுத் திரும்பினேன். அந்த அம்மா கேட்டதில் நியாயம் இருந்தது.

ஆறு வருடங்களுக்கு முன் வேலையை முடித்ததும் என் கார் பானெட்டின் உட்புறத்தில் தணிகாசலம் மஞ்சள் பெயின்ட்டால் எழுதினார்: 'கை வைக்காதே'. பல வருட உப்புக்காற்றில் பானெட் அரித்துவிட்டது. எழுத்து இன்னும் நிற்கிறது. அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அதுவும், புகையில்லாமல் ஓடும் ஓர் என்ஜினும்.

அந்த வால்வை விழவைத்தது என் கை. தணிகாசலம் வைத்த கயிறு சரியாகத்தான் இருந்தது. இதோ, ஊரில் சொல்லிவிட்டேன். 'அப்புறம் வாங்க' என்றவர் இல்லை.