சத்தம் கழற்றின மோரிஸ்

எங்கள் தொழிலில் வண்டி முதலில் காதுக்கு வரும், அப்புறம்தான் கண்ணுக்கு. அரக்கோணம் ரோட்டு வளைவில் ஒன்று லொடக் லொடக்கென்று இருமிக்கொண்டு வரும்போதே படுத்தபடி சொல்லிவிடுவேன்: வால்வு போச்சு, சைலன்சரில் ஓட்டை, சொந்தக்காரருக்கு பெட்ரோல் விலை இப்போதுதான் உறைத்திருக்கிறது. அந்த விலை எகிறிய எழுபதுகளில், திருத்தணி ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு தகர ஷெட்டில், பழைய சின்னக் கார்களை மண்ணெண்ணெய்க்கும் பேட்டரிக்கும் மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். யாரும் சொல்லித்தரவில்லை. பிரித்துப் பார்த்துக் கற்றேன். பிரித்ததைத் திரும்பப் பூட்டத் தெரியாமல் முழித்தும் கற்றேன்.

பகலில் சுற்றுப்பட்டு ஊர்களில் விசைத்தறியெல்லாம் ஓடும். கரண்ட் சோர்ந்துபோய் பல்பு அழுத கண் மாதிரி சிவந்து எரியும். ராத்திரிதான் பேட்டரி ஒழுங்காகச் சார்ஜ் ஏறும். அதனால் ஊர் தூங்கும்போது நான் விழித்திருந்தேன். ஊர் விழித்திருக்கும்போது தூக்கம் வராமல் புரண்டுகொண்டிருந்தேன். பழைய வண்டி வைத்துக்கொண்டு அல்லல்படுகிறவர்களுக்கும், அதன் அடியில் மல்லாந்து கிடந்து அல்லல்படுகிற என் ஜாதிக்காரர்களுக்கும் சிலவற்றைச் சொல்கிறேன். பயமாக இருந்தால் என்னைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். எனக்கும்தான் இருந்தது.

சாவியை எடுத்த பிறகும்

மண்ணெண்ணெய் வண்டிக்கு டேங்க் இரண்டு. பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, எஞ்சின் சூடேறியதும் குழாயைத் திருகி மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். நிறுத்துவதற்குக் கொஞ்சம் முன்னால் மறுபடி பெட்ரோலுக்கு வந்துவிட வேண்டும். மறந்தால் ஒரு கோளாறு உண்டு. சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்ட பிறகும், உள்ளே இருக்கிற சூட்டிலேயே எண்ணெய் பற்றி, எஞ்சின் தானாக ஓடிக்கொண்டிருக்கும்.

திருவாலங்காட்டுக் கரும்பு விவசாயி ஒருவர் அப்படி மாற்றிய ஹெரால்டு காரில் ஒரு சாவு வீட்டுக்குப் போனார். மேளக்காரர்கள் பீடி பிடிக்க ஒதுங்கியிருந்த நேரம். அழுது ஓய்ந்த பெண்கள் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்கள். இவர் துக்கத்தில் குழாயை மறந்து, சாவியை எடுத்துக்கொண்டு இறங்கி, செத்தவரின் தம்பியைக் கட்டிக்கொண்டார். பின்னால், ஆளில்லாத வண்டி குலுங்கிக் குலுங்கி மூச்சு வாங்கிக்கொண்டே இருந்தது. எல்லாத் தலையும் திரும்பியது. கடைசியாக ஒரு உதறு உதறி அடங்கிப் போனது. மறுநாள் என்னிடம் வந்தவர் ரிப்பேர் கேட்கவில்லை, வண்டிக்கு விபூதி போடலாமா என்றுதான் கேட்டார். அந்தத் தம்பி வாசலில் எல்லோருக்கும் கேட்கச் சொன்னாராம்:

“உள்ள கெடக்கறது வெறும் ஒடம்பு. எங்கண்ணன் இப்பதான் வண்டியில குந்திப் பாத்துட்டு எறங்கறாரு. யாரும் குறுக்க நிக்காதீங்க.”

எஞ்சின் வேண்டாம்

ஆர்.கே.பேட்டையில் தறி வைத்திருந்த முனிரத்தினம் ஒரு நாள் விளக்கு வைக்கிற நேரத்தில் தன் மோரிஸ் மைனரைக் கொண்டுவந்து நிறுத்தினார். “மண்ணெண்ணெய்தானே அண்ணா?” என்றேன். “பெட்ரோல் போட எனக்கு வக்கிருக்குதுப்பா” என்று ஸ்டூலில் உட்கார்ந்தார்.

அவருக்கு ஒரே பையன், தயாளன். அந்த வண்டியை அவன்தான் ஓட்டுவான், ரிப்பேருக்கு என்னிடம்தான் கொண்டுவருவான். அப்பனுக்கும் மகனுக்கும் தறிக்கொட்டகையில் ஒரு வாய்ச்சண்டை. விடிந்ததும் பையன் வண்டியைத் திருத்தணி ஸ்டேஷன் வாசலில் விட்டுவிட்டு ரயிலேறிப் போய்விட்டான். உயிரோடு இருக்கிறானா இல்லையா என்றே தெரியவில்லை. அதிலிருந்து முனிரத்தினம் வண்டியில் வீடு திரும்பும்போதெல்லாம், சத்தம் கேட்டு அவர் மனைவி சரோஜம்மா மகனுக்குச் சாப்பாட்டுத் தட்டை எடுத்து வைத்துவிட்டு கேட்டுக்கு ஓடிவருவாராம். இறங்குவது புருஷன்தான் என்று தெரிந்ததும் உள்ளே போய்விடுவாராம்.

“தெனம் ஒருதரம் அவ மூஞ்சி மலர்ந்து வாடறத என்னால பாக்க முடியல. அவளும் தேய்ஞ்சிகினே வரா.”

“வித்துடுங்களேன்.”

“அவன் வந்து, எங்க நைனா என் வண்டின்னு கேட்டா இன்னா சொல்லுவேன்?” என்றவர், பானெட்டைத் தடவிக்கொண்டே சொன்னார்:

“வண்டி இருக்கட்டும்பா. அது போடற சத்தத்த மட்டும் கழட்டிடு.”

மலைமேல் எலுமிச்சம்பழம்

கழற்றினேன். எஞ்சினை இறக்கி மூலையில் வைத்தேன். மெட்ராஸ் பழைய இரும்புக் கடையில் கிடைத்த மோட்டார் ஒன்றை அந்த இடத்தில் பூட்டினேன். பின்சீட்டிலும் டிக்கியிலும் லாரி பேட்டரிகள். பெடலை மிதித்தால் தண்ணீரில் படகு தள்ளின மாதிரி நகர்ந்தது. ஓடுகிற வண்டிக்கு ஒரு முனகலாவது வேண்டாமா?

உள்ளே இருப்பதெல்லாம் புதுசு, அதனால் பூஜையும் புதுசாகப் போட வேண்டும் என்று முனிரத்தினம் வண்டியைத் திருத்தணி மலைக் கோயிலுக்கு ஏற்றினார். நானும் கூட இருந்தேன். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டி, “ஸ்டார்ட் பண்ணுங்கோ” என்றார் குருக்கள். “பண்ணியாச்சு சாமி.” “ஒண்ணும் கேக்கலையே?” என்று குருக்கள் பானெட்டில் காதை வைக்கக் குனிந்தார். முனிரத்தினம் பெடலில் கால் வைத்துவிட்டார். பழங்கள் நசுங்கின சத்தம் மட்டும் பிசுக்கென்று கேட்டது. குருக்கள் தட்டோடு தாவினார். வண்டி அவரைக் கடந்து, கூட்டத்துக்குள் வழுக்கிக்கொண்டு போய் நின்றது. பூ விற்கிற அம்மா கூடையை இடுப்புக்கு இழுத்துக்கொண்டு கத்தினாள்:

“எமனே சத்தம் போட்டுகினு வந்தா ஒதுங்கிக்கலாம்யா. இது பாம்பு மாதிரி இல்ல வருது!”

கரண்ட் போன சாயந்திரம்

கொஞ்ச நாள் கழித்து முனிரத்தினம் ஆள் அனுப்பினார். போனேன். பேட்டரிக்கு ஒரு குறையும் இல்லை. மோரிஸ் புங்கமரத்தடியில் நின்றது. “வண்டி நல்லாத்தான் இருக்குது. உன் காது நல்ல காதுன்னு சொல்றாங்க, சும்மா குந்து” என்றார். தெரு முழுக்கத் தறிகள் இடித்துக்கொண்டிருந்தன. சரோஜம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

பட்டென்று கரண்ட் போனது. ஊரில் இருந்த தறியெல்லாம் ஒரே மூச்சில் நின்றது. அந்த மாதிரி அமைதியில் காது தன் ரத்தத்தையே கேட்கும். அப்போது ரோட்டு முனையில் ஒரு மோரிஸ் மைனர் கியர் குறைத்தது. சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறி, வீட்டை நோக்கி நிதானமாக வந்தது. சரோஜம்மா முறத்தை வைத்துவிட்டுத் தட்டை எடுத்தார். கேட்டுக்குப் பக்கத்தில் சத்தம் நின்றது. ரோட்டில் ஆடு ஒன்றுதான் நின்றிருந்தது. மரத்தடி வண்டியின் பானெட்டைத் தொட்டுப் பார்த்தேன். ஜில்லென்றிருந்தது. அந்த வட்டாரத்தில் வேறு மோரிஸ் கிடையாது. அதன் எஞ்சினோ என் ஷெட்டில் சாக்கு மூடிக் கிடக்கிறது.

முனிரத்தினம் கட்டில் சட்டத்தைப் பிடித்தபடி என்னையே பார்த்தார். “டவுன் பஸ்ஸா இருக்கும்” என்றேன். சரோஜம்மா சிரித்துவிட்டார்.

“பஸ்ஸுக்கு இன்னாத்துக்கு தம்பி நீ எழுந்து நின்னே?”

ஸ்டாண்டில் ஓடின எஞ்சின்

அந்த எஞ்சினைக் கிணற்று மோட்டாருக்குப் பதிலாக வைத்துக்கொள்ள ஒருவர் கேட்டார். முனிரத்தினமும் தள்ளிவிடச் சொன்னார். அது எப்படியோ சரோஜம்மா காதுக்குப் போயிருக்கிறது. ஒரு நாள் மத்தியானம், பேட்டரி மூடிகளைத் திறந்து வரிசையாக டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் தனியாக வந்து இறங்கினார்.

“அத விக்கறதுக்கு முன்ன ஒருவாட்டி போட்டுக் காட்டு தம்பி. வூட்டாண்ட அதுதான் வருதான்னு எனக்குத் தெரியணும்.”

“அதுதான்னு தெரிஞ்சா?”

“உன் கிட்டேந்து வாங்கிகினு போய்டுவேன். வூட்லயே வெச்சிப்பேன். அவரு கத்தட்டும்.”

மரச்சட்டத்தில் ஏற்றி, பாட்டிலில் பெட்ரோல் ஊற்றி மேலே தொங்கவிட்டு, ஹோஸில் தண்ணீர் விட்டு, கைப்பிடியால் சுற்றினேன். வண்டியில்லாமல் எஞ்சின் மட்டும் ஓடுவதைப் பார்க்கக் கூடாது. தோலுரித்த மாதிரி இருக்கும். சரோஜம்மா கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

அந்த எஞ்சினுக்கு ஒரு விக்கல் உண்டு. மூன்றாவது சிலிண்டர் அடிக்கடி ஒரு அடி விட்டுவிடும். தயாளன் காலத்திலிருந்தே நான் பிளக் மாற்றி, வால்வு தேய்த்து, என்னென்னவோ செய்தும் போகவில்லை. இப்போதும் விக்கியது. சரோஜம்மா கண்ணைத் திறந்தார். நான் நிறுத்தினேன். நிறுத்திய பிறகுதான் எனக்கு உறைத்தது: பேட்டையில் அன்று சாயந்திரம் கேட்டது ஒருதரம்கூட விக்கவில்லை.

“இது இல்ல தம்பி” என்றார். அழுவார் என்று நினைத்தேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு, ரொம்ப நாளாகத் தேடிய விலாசம் கிடைத்த மாதிரி நிமிர்ந்தார். “இத வித்துடு.”

“அப்போ வூட்டாண்ட வர்றது…?”

“அது திக்காம வருதே, நீயும்தான கேட்ட! எங்கியோ ஒருத்தன் அவனுக்கு வண்டிய நல்லா சரி பண்ணிக் குடுத்திருக்கான். எம் பையன் நல்லாத்தான் இருக்கான்.”

இத்தனை வருஷத் தொழிலில் என்னைவிடக் கெட்டிக்கார மெக்கானிக் என்று நான் ஒப்புக்கொண்டது அந்த ஒருவனைத்தான், அவன் ஷெட் எந்த ஊரில் என்று கேட்கத்தான் எனக்கு இன்றுவரை தைரியம் வரவில்லை. அந்த அம்மாவை பஸ் ஏற்றிவிட்டு வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, அடுத்த பேட்டரியின் மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தேன்.