கோவிந்தம்மாவுக்கு வராத ஜுரம்

ஐம்பத்தேழாம் வருஷக் கோடையில் மண்ணூர் தணிகாசலம் வண்டியில் வைக்கோல் ஏற்றிக்கொண்டு மெட்ராஸ் போனான். கப்பலில் வந்த ஜுரம் என்று பட்டணமே பேசிக்கொண்டிருந்த சமயம். திரும்பி வந்தவன் மாட்டை அவிழ்க்கக்கூடத் தெம்பில்லாமல் படுத்தான். இரண்டு நாளில் அவன் பெண்டாட்டி கோவிந்தம்மாவும் படுத்தாள். ஒரே பாயில் கிடந்தார்கள். மூச்சு வாங்கி வாங்கி நாலாம் நாள் அவன் போய்விட்டான். அவள் பிழைத்துக்கொண்டாள். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

"என் தம்பிய முழுங்கிட்டு எப்படி நிக்கிறா பாரு" என்றாள் தணிகாசலத்தின் அக்கா கனகம், சாவு வீட்டிலேயே.

அந்த வருஷம் ஜுரம் அவர்கள் வீட்டோடு நின்றது. அறுபத்தெட்டில் வந்தது தெருவையே சாய்த்தது. கோவிந்தம்மாவுக்கு மட்டும் ஒரு தும்மல்கூட இல்லை. வீடு வீடாகக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தாள். வாங்கிக் குடித்தார்கள். உடம்பு தேறியதும் பேச்சு மாறியது.

"இவளுக்கு மட்டும் ஏன் வரல? இவகிட்டருந்துதான் கெளம்பியிருக்கும்."

அதன்பின் கல்யாணம், காதுகுத்து எதற்கும் யாரும் அழைக்கவில்லை. கிணற்றடியில் அவளைக் கண்டால் குடத்தோடு நகர்ந்தார்கள். நாளாக ஆக அவளும் அதை நம்பிவிட்டாள். கைக்குழந்தையோடு யாராவது எதிரே வந்தால் தானே ஒதுங்கிப் போவாள்.

பிறகு மறைமலை நகரில் ஒரு கம்பெனி டிஸ்பென்சரியில் ஆயா வேலை கிடைத்தது. அங்கே அவள் கதை யாருக்கும் தெரியாது. ஆனாலும் தன் டம்ளரைத் தனியாகவே வைத்திருந்தாள்.

எண்பத்தேழு மழைக்காலத்தில் கம்பெனியில் பாதிப் பேர் ஜுரத்தில் விழுந்தார்கள். டாக்டர் அன்னபுஷ்பத்துக்கும் வந்து தேறியிருந்தது.

"காபிய ஏன் வாசல்லயே வச்சிட்டுப் போறீங்க, கோவிந்தம்மா?"

"என் மூச்சு உங்க மேல படக் கூடாது டாக்டரம்மா."

டாக்டர் உட்காரவைத்துக் கேட்டார். கோவிந்தம்மா எல்லாவற்றையும் சொன்னாள்.

"இந்த ஜுரக் கிருமி நம்ம உடம்போட செல்லுக்குள்ள பூந்து ஒளிஞ்சுக்கும். வெளியில இருந்து தெரியாது. ஆனா ஒவ்வொரு செல்லும் தனக்குள்ள இருக்கறதுல துண்டு துண்டா எடுத்து மேல்பக்கத்துல காட்டிக்கிட்டே இருக்கும்."

"கம்பெனி கேட்டுல வாச்மேனுக்கு டிபன் டப்பாவத் தொறந்து காட்டுறாங்களே, அந்த மாரியா?"

"அப்படித்தான். ரத்தத்துல சுத்துற ஒரு வகை வெள்ளையணு அந்தத் துண்டைத் தொட்டுப் பாக்கும். நம்மளோடதுன்னா விட்டுடும். கிருமியோடதுன்னா அந்தச் செல்லையே அழிச்சிடும். இதையெல்லாம் இப்பதான் கண்டுபிடிச்சுக்கிட்டு வர்றாங்க. கிருமி வெளித்தோற்றத்தை மாத்திக்கும், உள்ள இருக்கறது அவ்வளவா மாறாது. ஐம்பத்தேழுல அதைப் பாத்துப் பழகின அணுக்கள் உங்க உடம்புல கொஞ்சம் தங்கியிருக்கும். அடுத்த தடவை சீக்கிரமே அடையாளம் கண்டிருக்கும். உங்க விஷயத்துல இதேதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா ஜுரம் உங்ககிட்ட இருந்து கிளம்பல. அது மட்டும் நிச்சயம்."

"அவருக்கு அந்த அணு இல்லியா?"

"இருந்திருக்கும். முதல் தடவை அது கிருமியைக் கண்டுக்கிட்டுப் பெருகறதுக்கு ஒரு வாரம்கிட்ட ஆகும். அவருக்கு அவகாசம் கிடைக்கல."

இதை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. யாரிடம்? ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து, நாத்தனார் கனகம் வாழ்க்கைப்பட்ட வல்லம் வடகாலுக்குப் போனாள். கனகம் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். கோவிந்தம்மா தனக்குத் தெரிந்த மட்டும் சொல்லி முடித்தாள்.

"ஒரு வாரம் தாங்கியிருந்தா பொழச்சிருப்பானா?"

"பொழச்சிருக்கலாம்க்கா."

"பக்கத்துலயே கெடந்தியே. கடைசியா இன்னா கேட்டான்?"

முப்பது வருஷத்தில் இதை யாரும் அவளிடம் கேட்டதில்லை.

"தண்ணி கேட்டாரு. என்னால எழுந்துக்க முடியலக்கா."

கனகம் அடுத்த கடலையை எடுத்து உரித்தாள். முறத்திலேயே கண்ணாக இருந்தாள். கோவிந்தம்மா எழுந்து வந்துவிட்டாள்.

அடுத்த தை மாதம் கனகம் செத்துப்போன சேதி கம்பெனி ஆள் ஒருவன் மூலம் காதில் விழுந்தது. போனாள். கூட்டத்தில் யாரும் விலகவில்லை. யாருக்கும் அவளைத் தெரியவில்லை.

"நீங்க யாரும்மா?" என்றாள் கனகத்தின் மருமகள்.

"அவங்க தம்பி பொண்டாட்டி."

"அத்தைக்குத் தம்பி இருந்தாரா?"

"இருந்தாரு" என்றாள் கோவிந்தம்மா.