சால்வையோடு ஸ்டேஷனுக்குப் போனேன்

சாமல்பட்டியில் பஸ் ஏறி ஓசூருக்கு வந்தபோது நான் ஐந்தாவதுகூட முழுசாகப் படிக்காதவன். தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் இரும்புத்தூள் கூட்டினேன். இன்று அதே பேட்டையில் எனக்குச் சொந்தமாக ஒர்க் ஷாப் இருக்கிறது. யாரும் தூக்கிவிடவில்லை, நானே ஏறினேன். வலைப்பூ எழுதுவதும் அப்படித்தான். போனில் பேசுவேன், அது எழுத்தாக்கும், நான் உட்கார்ந்து திருத்துவேன். தெருவிளக்கு எரியவில்லை என்று நான் எழுதினால் மறுநாள் ஏணியோடு ஆள் வரும். அந்த மரியாதை எனக்கு உண்டு.

எங்கள் பேட்டைக்குப் பின்னால் இரும்புச் சாமானுக்கு முலாம் பூசுகிற ஒரு பிளேட்டிங் கம்பெனி. மழை பெய்தால் போதும், கழிவுத் தொட்டியை ஓடையில் திறந்துவிடுவார்கள். பச்சை நுரை பொங்கிக்கொண்டு நேராக ஏரிக்குப் போகும். அந்தக் கம்பெனியில் காண்ட்ராக்டில் கூட்டிப் பெருக்குகிற ஒரு பெண், சாப்பாட்டுப் பைக்குள் போனை ஒளித்துக் கொண்டுபோய் அதை வீடியோ எடுத்துவிட்டாள்.

“மாமா, நான் எடுத்தன்னு தெரியவே கூடாதுங்க. தெரிஞ்சா எங்க வேன்ல வர்ற அத்தன பொம்பளைங்களையும் நிறுத்திடுவாங்க” என்றாள்.

“என் வாயிலிருந்து வராது” என்றேன். வீடியோவைப் போட்டேன். ஊரே பார்த்தது.

மூன்றாம் நாள் ஸ்டேஷனிலிருந்து போன். “ஐயா உங்கள பாக்கணும்ங்கறாரு.” இன்ஸ்பெக்டர் புதிதாக வந்திருந்தார். எங்கள் பக்கம் புது இன்ஸ்பெக்டர் வந்தால் பட்டறைக்காரர்கள் சால்வையோடு போய்ப் போட்டோ எடுத்துக்கொள்வது வழக்கம். என்னை அவரே கூப்பிடுகிறார் என்றால் பாராட்டத்தான் என்று நினைத்தேன். ஜரிகை போட்ட சால்வையாகப் பார்த்து வாங்கி, வெள்ளை வேட்டி சட்டையில் போய் நின்றேன்.

சால்வையைப் பிரித்தேன். அவர் தலையே தூக்கவில்லை.

“அத அங்க வை பெருசு. வீடியோ யார் குடுத்தா?”

உட்காரச் சொல்லவில்லை. பக்கத்தில் ஏட்டு பல் குத்திக்கொண்டிருந்தார். என் பேரன் வயதிருக்கும் இன்ஸ்பெக்டருக்கு.

“நான்தாங்க எடுத்தன்.”

“நீயா? கம்பெனிக்குள்ள எப்படிப் போன?”

“செவுரு ஏறி.”

ஏட்டு சிரித்தார். “ஐயா, இவரு ஸ்டேஷன் படியவே கம்பியப் பிடிச்சிக்கினு ஏறினாரு.”

இன்ஸ்பெக்டர் தன் போனில் வீடியோவை ஓட்டி என் காதருகில் வைத்தார். நுரை ஓடுகிற சத்தத்துக்கு நடுவில் வளையல் சத்தம். வலைப்பூவில் போடும்போது அதை நான் கவனிக்கவே இல்லை.

“இது என்னய்யா? வளையல் போட்டுட்டுத்தான் செவுரு ஏறுவியா?”

“வளையல் இல்லீங்க, காப்பு” என்று வலது கையை நீட்டி ஆட்டினேன். வெள்ளிக் காப்பும் ஸ்டீல் கடிகாரமும் ஒரே கையில். நல்லவேளை, சத்தம் வந்தது.

அவர் நம்பவில்லை, அது முகத்திலேயே தெரிந்தது. ஆனால் அவருக்கு ஒரு ஆள் வேண்டும், நான் இருக்கிறேன். “அத்துமீறி நுழைஞ்சன்னு எழுதிக் குடு. வீடியோவ இங்கயே அழி. பேப்பர் இல்ல, வெளிய கடையில ஒரு கட்டு வாங்கிட்டு வா.”

என் மேல் போடுகிற கேசுக்கு நானே பேப்பர் வாங்க வேண்டும்! வாங்கி வந்தேன். வீடியோவை அழித்தேன், எழுதினேன். திருத்தித் திருத்தி மூன்று தாள் வீணானது. மிச்சக் கட்டை ஏட்டு தன் மேஜைக்குள் தள்ளிப் பூட்டிக்கொண்டார்.

நான் கையெழுத்துப் போடும்போது உள்ரூம் கதவு திறந்தது. கம்பெனி மேனேஜர். அவ்வளவு நேரமும் அங்கே டீ குடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். இன்ஸ்பெக்டர் எழுந்தார். நான் வைத்த சால்வையை எடுத்து, அந்த ஆள் தோளில் போர்த்தினார். ஏட்டு போட்டோ எடுத்தார். மூன்று பேரும் சிரித்தார்கள். கிரீஸ், ஆயில், சாக்கடை எல்லாவற்றிலும் கை விட்டுப் பிழைத்தவன் நான். அந்த ரூமில் நின்ற மாதிரி அருவருப்பாக எங்கேயும் நின்றதில்லை.

வெளியே வரும்போது மேனேஜர் என்னிடம் நைசாக, “ஆள் யாருன்னு எங்ககிட்ட மட்டும் சொல்லிடுங்க பெரியவரே, கேசே வேணாம்” என்றார்.

“நான்தான் சொன்னனே, செவுரு ஏறிக் குதிச்சன். வேணும்னா இன்னொருவாட்டி குதிச்சுக் காட்டறன், வா.”

மறுநாள் காலை ஒர்க் ஷாப் ஷட்டரைத் தூக்கும்போது அந்தக் கம்பெனி வேன் போனது. ஒரு சீட்டும் காலியில்லை. அவள் ஜன்னலோரம் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். நானும் பார்க்காத மாதிரி லேத்தைப் போட்டேன்.