கருப்புப் பட்டு கேட்டு வந்தவர்

எண்பதுகளின் தொடக்கத்தில் சென்னையில் ஓர் ஏற்றுமதி அலுவலகத்தில் வேலை பார்த்தேன். சொந்த ஊர் ஆரணி என்பதால், பட்டு வாங்க வரும் வெளிநாட்டுக்காரர்களை அங்கே அழைத்துப் போகும் வேலை என் தலையில் விழுந்தது. பயணத்தைவிடப் பேச்சுதான் அலுப்பு. அவர்கள் சொல்வதைத் தமிழிலும் நெசவாளர் சொல்வதை ஆங்கிலத்திலும் மாற்றி மாற்றிச் சொல்லி, சாயங்காலம் எனக்கென்று பேச ஒரு வார்த்தைகூட மிச்சமிருக்காது.

அப்படி வந்தவர்களில் ஒருவர் ஸ்பெயின் நாட்டு உடை வடிவமைப்பாளர். ஐம்பது தாண்டிய பெண்மணி. மாட்ரிட்டில் பெரிய ஆள் என்று மேலாளர் சொல்லியிருந்தார். காரில் ஏறியதும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

ஆரணிக்குப் பக்கத்தில் முள்ளிப்பட்டு கிராமத்தில் ஒரு நெசவாளர் வீட்டுக்குப் போனோம். கணவனும் மனைவியும் அரக்கு, கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள் என்று விரித்துக் காட்டினார்கள். வடிவமைப்பாளர் எதையும் தொடவில்லை. கருப்பு வேண்டும் என்றார். ஜரிகை கூடாது, கரை கூடாது, முழுக்கக் கருப்பு.

நான் தமிழில் சொன்னதும் அந்த வீட்டம்மா முகம் மாறிவிட்டது.

"இன்னாம்மா சொல்றாங்க இவங்க? கல்யாணத்துக்குக் கட்ற பட்டு இது. கருப்புல நெய்றதா? வூட்டுக்கு ஆவாதும்மா."

வடிவமைப்பாளர் கோபப்படவில்லை. பாயில் உட்கார்ந்து, தட்டுத்தடுமாறிய ஆங்கிலத்தில் தன் கதையைச் சொல்ல ஆரம்பித்தார்; நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். அவர்கள் கிராமத்தில் கணவன் செத்தால் மனைவி சாகும்வரை கருப்புதான். அவருடைய அம்மா சின்ன வயதிலேயே கருப்புக்கு மாறியவர். மகள் முதன்முதலில் தைத்தது அம்மாவுக்கான துக்க உடை. பிறகு ஊரில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் இவரைத்தான் கூப்பிட்டார்கள். அடக்கம் நடப்பதற்குள் தைத்தாக வேண்டும். அந்தக் கை வேகத்தோடு மாட்ரிட் போய், கூலிக்குத் தைத்து, சொந்தக் கடை வைத்தார். அமைச்சர்களின் மனைவிகள் வாசலில் காத்துக் கிடந்தார்கள். நாட்டை ஆண்ட சர்வாதிகாரி இறந்து ஆட்சி மாறியதும் அவர்கள் யாரையும் காணவில்லை. இளைஞர்களோ இவரைப் பழைய ஆட்சியின் தையல்காரி என்றார்கள். கடையில் தைத்துக்கொண்டிருந்த பெண்களைக் கைவிட முடியாமல், ஒரு வாசனைத் திரவியக் கம்பெனிக்குத் தன் பெயரையே விற்றுவிட்டார். இப்போது சோப்பில்கூட அவர் பெயர் இருக்கிறது. துணியின் நிறத்தை முடிவு செய்வது மட்டும் வேறு யாரோ.

"ஒரு தடவையாவது என் விருப்பப்படி ஓர் உடை செய்ய வேண்டும்" என்றார்.

வீட்டம்மா விரித்திருந்த புடவை ஒன்றை மடித்து வைத்தார். "நம்மள்ள வெள்ளை. அங்க கருப்பா?" என்றார். பிறகு கணவரைப் பார்த்து, "நெய்துதான் குடுப்போமே" என்றார்.

"கருப்புல இழை அறுந்தா கண்ணுக்கே தெரியாது. பேஜாரு புடிச்ச வேலை" என்றார் நெசவாளர். "ஜல்தியா கேக்கக் கூடாதுங்க, அவ்ளோதான்."

பாதி நெய்தபோது மறுபடி போனோம். இழை தெரிவதற்காக, தறியில் நீளவாக்கில் கட்டிய பாவு நூலுக்குக் கீழே நெசவாளர் வெள்ளை வேட்டியை விரித்திருந்தார். வடிவமைப்பாளர் நெய்த துணியில் கையை வைத்தபடி நின்றார். அப்புறம், கொஞ்சம் படுக்கலாமா என்று கேட்டார். தறிக்குப் பக்கத்திலேயே பாயில் சுருண்டு தூங்கிப்போனார். நெசவாளர் தறியை நிறுத்தப் போனார்.

"நிறுத்தாத. சத்தம் நின்னா முழிச்சிக்குவாங்க" என்றார் மனைவி.

வெயில் சாயும்வரை தூங்கினார். சுவரில் சாய்ந்து நானும் தூங்கியிருக்கிறேன்.

துணி மாட்ரிட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. கம்பெனி அதை ஏற்கவில்லை. அதை அவரே மறு வருடம் வந்து சொன்னார். கம்பெனியிலிருந்து விலகிவிட்டாராம். பெயர் அவர்களிடமே இருக்கிறது. அவர் தைக்காத உடைகள் அவர் பெயரில் வந்துகொண்டிருக்கின்றன. நெசவாளர் வீட்டில் இதை நான் தமிழில் சொன்னபோது என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை.

"அப்போ இனிமே இன்னா பண்ணுவாங்க?" என்று வீட்டம்மா கேட்டார்.

"கிராமத்துக்குப் போய்விடுவேன். அங்கே இன்னும் கருப்பு உடுத்தும் பெண்கள் இருக்கிறார்கள், தைக்கலாம்" என்றார் வடிவமைப்பாளர்.

வீட்டம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "சாப்ட்டுட்டுப் போங்க" என்றார். அதை மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. ரசம் ஊற்றிய சோற்றைக் கையாலேயே பிசைந்து சாப்பிட்டார்.

சென்னையில் ஓட்டல் வாசலில் இறங்கும்போது, "போய்த் தூங்கு" என்று என்னிடம் சொன்னார். மறுநாள் காலை அலுவலகத்தில் ஒரு ஜப்பான்காரர் காத்திருந்தார். அவரைக் கூட்டிக்கொண்டு ஆரணிக்குக் கிளம்பினேன்.