சிவப்பில் நின்ற முள்

"வாத்தியாரே, முள்ளு சொல்றது நெசமா, இஞ்சின் சொல்றது நெசமா?" என்று டாக்ஸி ஓட்டும் காதர் பாய் ஒருமுறை என்னைக் கேட்டார். காலமெல்லாம் பிள்ளைகளிடம் கேள்வி கேட்டே பழகிய என்னிடம் அன்று கேள்வி திரும்பி வந்தது.

சென்ற வெள்ளிக்கிழமை காலை, பால் வாங்கப் போன என் மனைவி வெறும் பாத்திரத்தோடு திரும்பினாள். "காதர் பாய் இறந்துட்டாராம்." வேறு யாராவது காதராக இருக்கும் என்றேன். முந்தின நாள் மாலை கூட மாமல்லபுரம் கடைத்தெருவில் என்னைக் கிண்டல் செய்துவிட்டுப் போனவர். டாக்ஸி நிறுத்தத்துக்கே போய்ப் பார்த்தேன். கார் பாதி கழுவியபடி நின்றது. பக்கத்தில் வாளி, வாளியருகே அவருடைய செருப்பு. கழுவிக்கொண்டிருந்தபோதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாராம். அந்தச் செருப்பைப் பார்த்த பிறகும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. இதை எழுதும்போதும் வரவில்லை.

அந்த நிறுத்தத்தில் அவர் வண்டியில் ஏறிய எல்லோருக்கும் அவருடைய வழக்கம் தெரியும். சாவியைத் திருப்பிவிட்டு, இஞ்சினின் சூடு காட்டும் முள் தன் இடத்துக்கு வரும்வரை கிளம்ப மாட்டார். "கல்யாணத்துக்குப் போறமா, காரைப் பாத்துகினு நிக்கறமா?" என்று ஒருவர் கத்தினால், "முள்ளு குந்தட்டும் நைனா, அப்புறம் நீ குந்து" என்பார்.

என் மகள் கமலா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தபோது, ஒரு நண்பகலில் வலி கண்டுவிட்டது. குழந்தை குறுக்கே கிடக்கிறது, உடனே செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று மருத்துவச்சி சொல்லிவிட்டாள். காதர் பாய் முந்தின நாள்தான் இஞ்சினைக் குளிர்விக்கும் ரேடியேட்டரைக் கழற்றி, இஞ்சினுக்குள் ஓடும் டைமிங் செயினைத் தானே மாற்றியிருந்தார். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் முள் ஒரே தாவலில் சிவப்புக்கு ஏறியது. அவர் வண்டியை ஓரங்கட்டினார். நிழலே இல்லாத சாலை. பின்னால் கமலா முனகிக்கொண்டிருந்தாள்.

"ஓட்டுங்க பாய்!" என்று அலறினேன்.

"நெசமாவே கொதிச்சா இஞ்சின் இறுகிக்கும். அப்புறம் மாட்டு வண்டிதான். கொஞ்சம் பொறு" என்று வண்டியின் முன்மூடியைத் தூக்கினார். ஆவி இல்லை. ரேடியேட்டர் குழாயைத் தொட்டார். கை தாங்கும் சூடு. அப்போதுதான் முள்ளா, இஞ்சினா என்ற அந்தக் கேள்வியைக் கேட்டார்.

இஞ்சினின் சூட்டை அறிந்து முள்ளுக்குச் சொல்ல ஒரு பித்தளைக் குமிழ் உண்டு. அதிலிருந்த கம்பியைப் பிடுங்கினார். குமிழ் கெட்டிருந்தால் முள் இறங்க வேண்டும். இறங்கவில்லை. அப்படியானால் கம்பிதான் வழியில் எங்கோ இரும்பைத் தொடுகிறது. என்ன கேட்டாலும் கை தூக்கும் பையனைப் போல, முள் சும்மாவே சூடு சூடு என்கிறது. கம்பியைத் தடவிக்கொண்டே போனார். செயினை மாற்றியபோது அதை ஒரு இரும்புக் கவ்விக்கு அடியில் அவரே வைத்து முடுக்கியிருந்தார். நசுங்கிய மேலுறை வண்டியின் ஆட்டத்தில் கிழிந்து கிடந்தது.

"என் கைதான் திருட்டுக் கை!" என்று தலையில் அடித்துக்கொண்டு, கம்பியை விடுவித்துக் கைக்குட்டையைக் கிழித்துச் சுற்றினார்.

"பொய்ன்னு தெரிஞ்சுபோச்சே, அப்படியே போகலாமே?"

"முள்ளு இல்லாம ஓட்ட மாட்டேன் வாத்தியாரே. உள்ள ரெண்டு உசுரு கீது."

கம்பியை மாட்டினார். முள் இறங்கியது. செங்கல்பட்டில் அறுவை செய்து குழந்தையை எடுத்தார்கள். டாக்ஸி தாத்தா எங்கே என்று அந்தப் பேத்தி இன்று கேட்கிறாள்.

அடக்கம் முடிந்தபின் அவருடைய மனைவி வாசலில் நின்று சொன்னதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "நாலஞ்சு நாளா நெஞ்ச தடவிகினே இருந்தாருங்க. டாக்டராண்ட போலாம்னு சொன்னேன். வெறும் வாயு, இஞ்சி டீ குடு, இந்த முள்ளு பொய் சொல்லுதுன்னு சிரிச்சாரு."

தொட்டுப் பார்க்காமல் எந்த முள்ளையும் பொய் என்று சொல்லாத மனிதர், தன் நெஞ்சை மட்டும் எவரையும் தொட்டுப் பார்க்க விடவில்லை.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தக் கேள்வி ஒன்றுதான். உங்கள் வீட்டில் நெஞ்சைத் தடவிக்கொண்டு வாயு என்று சொல்பவர் யாராவது இருந்தால், இன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துக்கொண்டு போங்கள்.